புளிச்ச கூழ் வாடை

"காய்ச்சலுங்க" என்றுதான் அவள் ஆரம்பிப்பாள்.

மாட்டு வண்டியிலிருந்தோ, யாரோ ஒருவரின் டிராக்டரிலிருந்தோ இறக்கப்பட்ட அவள் புருஷன் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார முடியாமல் பக்கவாட்டில் சரிந்துகொண்டிருப்பான். அவன் வாயிலிருந்து கிளம்பும் சாராய நெடி, அவசரப் பிரிவுக்கு வெளியே நான் உட்கார்ந்திருக்கும் பெஞ்சு வரைக்கும் எட்டும். அவள் முகத்தில் சலனமே இருக்காது.

"காய்ச்சலுங்க சிஸ்டரம்மா. நேத்துலருந்து ஒண்ணுமே சாப்பிடல."

"வாடை அடிக்குதே?"

"கூழுங்க. கேப்பைக் கூழு. புளிச்சிப்போச்சி, வேணாம்னு சொன்னேன். கேக்காம குடிச்சிட்டாரு."

"கூழு நல்லாவே புளிச்சிருக்குது" என்பார் சிஸ்டர். சிரிக்காமல் சொல்வார். அவளும் சிரிக்காமல் தலையாட்டுவாள்.

எண்பதுகளில் ஒரு தமிழ் நாளிதழுக்குத் திண்டிவனம், விழுப்புரம் வட்டாரச் செய்திகளை நான் அனுப்பிக்கொண்டிருந்தேன். காலையில் முதல் வேலை ஆஸ்பத்திரி. நெடுஞ்சாலை விபத்து, வரப்புத் தகராறில் மண்டை உடைப்பு, பூச்சிமருந்து குடித்தவர்கள் என்று செய்திகள் அங்கேதான் முதலில் வந்து இறங்கும். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. அந்த வட்டாரத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஊர்களுக்கெல்லாம் அதுதான் ஆஸ்பத்திரி என்பது போதும். அவள் பெயரையும் எழுதவில்லை. அங்கே எல்லோருக்கும் அவள் கேட்டுக்காரம்மா.

புருஷன் ரயில்வே கேட்மேன். ஒலக்கூர்ப் பக்கம் வயல்களுக்கு நடுவில் ஒரு கேட். கேட்டை ஒட்டி ஒற்றை அறை. கொஞ்சம் தள்ளி ஓடு போட்ட ரயில்வே வீடு. அவள் கழனி வேலைக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தவள். சொந்தமாக ஒரு அடி நிலமில்லாத வீடு. மழைக்கு ஒழுகாத கூரையின் கீழ் அவர்கள் வம்சத்தில் முதலில் படுத்தவள் தான்தான் என்று ஒருமுறை சொன்னாள். பெருமையாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னாள்.

குடித்துவிட்டு வேலை பார்த்தான் என்று ஒரு டாக்டர் எழுதிவிட்டால் அந்த வேலை போகும். வேலை போனால் அந்தக் கூரை போகும். இரண்டு பெண்பிள்ளைகளோடு வெளியே நிற்க வேண்டும். இவ்வளவுதான் கணக்கு. அதனால்தான் விழுப்புரத்தில் ரயில்வேக்காரர்களுக்கென்று தனி ஆஸ்பத்திரி இருந்தும் அவள் அந்தப் பக்கமே போனதில்லை.

"அங்க இட்டுகினு போனா சீட்டு எழுதுவாங்க. இங்க ஊசி போடுவாங்க" என்றாள், நான் கேட்டபோது.

அந்த வருஷங்களில் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் குடித்துவிட்டு வந்தவர்கள் என்று சொன்னால் மிகையாக இருக்கலாம்; சந்தை நாளுக்கு மறுநாள் காலையில் பார்த்தால் மிகையாகத் தெரியாது. பத்தாண்டின் முற்பகுதியில் சாராயக் கடைகள் ஊருக்கு ஊர் திறந்திருந்தன. பிற்பகுதியில் மூடினார்கள். மூடியபிறகு பாண்டிச்சேரி எல்லையை ஒட்டிய வானூர்ப் பக்கமிருந்து சாராயம் லாரி டியூபில் அடைத்து வந்தது. கடை மூடியதால் வருகிறவர்கள் குறையவில்லை. முன்பு வீட்டார் வெட்கத்துக்காகப் பொய் சொன்னார்கள்; இப்போது போலீசுக்காகவும் சொன்னார்கள். கூட்டிக்கொண்டு வருமுன் கொய்யா இலையை மெல்லவைப்பார்கள். மோரை ஊற்றுவார்கள். வெற்றிலை போட்டுவிட்டு, சிவந்த வாயோடு நினைவில்லாமல் கிடக்கும் ஆளைத் தூக்கி வருவார்கள்.

"நம்ம ஆஸ்பத்திரிக்கு வர்றவன் எவனும் குடிக்கிறதே இல்ல சார்" என்பார் சிஸ்டர் என்னிடம். "எல்லாருக்கும் கூழுதான் புளிக்குது."

சிஸ்டர் திண்டிவனத்துக்காரர். ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர். குரல் மட்டும் கடுமை. குடித்தவர்களுக்கென்று அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கட்டிலில் போட்டால் குளுகோஸ் ஊசியைப் பிடுங்கிவிட்டு எழுந்து ஓடுவார்கள் என்பதால் வராண்டாவில் பாய் விரித்துப் படுக்கவைப்பார்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாந்தி எடுத்தால் மூச்சு அடைக்காதபடி தலையைத் திருப்பிவிடுவார்கள். "தெளியட்டும்" என்பது அந்த வராண்டாவின் மருந்துச் சீட்டு. பெரும்பாலும் தெளியவும் தெளிந்தது. மத்தியானத்துக்குள் ஒவ்வொருவனாக எழுந்து, வேட்டியை உதறிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போய்விடுவான்.

கேட்டுக்காரம்மாவின் பொய்க்குப் பருவம் உண்டு. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை அறுவடைக் காலத்தில், "பச்ச மல்லாட்டையா துன்னுட்டாரு, பித்தம் தலைக்கேறிக்கிச்சி." கோடையில் வெயில் தாக்கியது. மழைக்காலத்தில் ஈரம் ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றுவலி எல்லாக் காலத்துக்கும். பெரும்பாலானவர்கள் பொய் சொல்லும்போது கண்ணைத் தாழ்த்துவார்கள், அல்லது அதிகம் பேசுவார்கள். இவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். நான் பார்த்த அரசியல்வாதிகள் பலருக்கு அந்த அடக்கம் கிடையாது.

ஒருநாள் ஸ்கூட்டரில் ஒலக்கூர்ப் பக்கம் போகும்போது அவள் கேட் மூடியிருந்தது. எனக்கு முன்னால் கரும்பு வண்டி ஒன்று. கேட்டுக்கு அந்தப் பக்கம் காக்கிச் சட்டை போட்ட ஒரு உருவம், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பச்சைக் கொடியை நீட்டி நின்றது. முகத்தை வரும் ரயிலுக்கு நேராகக் காட்டாமல் கொஞ்சம் திரும்பி நின்றது. ரயில் போன பிறகுதான் சட்டைக்குக் கீழே புடவையைப் பார்த்தேன்.

என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். பதறவில்லை. கைப்பிடியைச் சுற்றிக் கேட்டைத் தூக்கிவிட்டு வந்தாள்.

"அவரு கொல்லப்பக்கம் போயிருக்காருங்க. வண்டி வந்துட்ச்சி, அதான் நான் புடிச்சேன்."

புங்க மரத்தடியில் வெற்று மார்போடு ஒருவன் மல்லாந்து கிடந்தான்.

"அது யாரு?" என்றேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "எங்க அண்ணங்க. ஊர்லருந்து வந்திருக்காரு."

"அண்ணன் சட்டை போடாமலே வந்தாரா?"

காக்கிச் சட்டையின் பித்தானை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "புழுக்கமா இருக்குதில்ல" என்றாள்.

கரும்பு வண்டிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "இன்னாம்மா, கொடி காட்றது மட்டுமில்ல, ஸ்டேஷன் மாஸ்டரு ஃபோன் பண்ணாக்கூட நீதான் பேசறியாமே?"

"அவருக்குத் தொண்ட கட்டிக்கிச்சி" என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பி, "சார், கேட்டு தொறந்துடுச்சி, போங்க" என்றாள். நின்று பார்க்காதே என்று அதற்கு அர்த்தம்.

ரயிலுக்கும் அவள் பொய் சொல்கிறாள் என்று அப்போது நினைத்தேன். ஆனால் கொடி சரியான நேரத்தில் சரியான இடத்தில் நின்றது. என் தெருக்காரர்கள் சிலர் தினமும் அந்த ரயிலில் போய்வந்தார்கள். இதைச் செய்தியாக எழுதுவதா என்று யோசித்தேன். எழுதவில்லை. அது சரியா என்று இன்றைக்கும் தீர்மானமாகச் சொல்ல முடியாது. ஒரே ஒரு நாள் அவளுக்கும் காய்ச்சல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ரயிலில் போகும்போது யோசித்திருக்கிறேன்.

இன்னொரு காலையில் அவள் தனியாக வந்தாள். மேலுதடு கிழிந்திருந்தது, இடது கன்னம் வீங்கியிருந்தது.

"இன்னா ஆச்சி?" என்றார் சிஸ்டர்.

"கேட்டு மரம் எறங்கச்சொல்ல பட்டுடுச்சிங்க."

கேட் மரம் கீழே இறங்குவது. உதட்டில் அப்படிப் படாது. சிஸ்டருக்கும் தெரியும். கூழா, மல்லாட்டையா என்று அன்றைக்குக் கேட்கவில்லை. பஞ்சை நனைத்துத் துடைத்தார். தையல் போட்டார்கள்.

"அவனை ஒருநாளு இட்டுகினு வா, நான் கேக்கறேன்" என்றார் சிஸ்டர்.

"மரத்த எப்படிங்க இட்டுகினு வர்றது?" என்றாள் அவள்.

சாராயக் கடைகள் மூடியபிறகு ஒரு நாள். காலை வெயில் ஏறிவிட்டிருந்தது. ஒரு மணல் லாரி ஆஸ்பத்திரிக்குள் திரும்பியது. முன் இருக்கையிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இறங்கினார். பின்னால் மணல் மேலிருந்து அவளும், அவள் மடியில் சாய்ந்திருந்த புருஷனும்.

வெள்ளைச் சட்டைக்காரர் ரயில்வேயில் லைன் இன்ஸ்பெக்டர். அந்தப் பாதையில் கேட்மேன்களெல்லாம் அவருக்குக் கீழே. அன்று தண்டவாளத்தைப் பார்வையிட அதன் மேலேயே ஓடும் தள்ளுவண்டியில் வந்தவர், கேட்டருகே இவள் புருஷனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். கேட்டுக்கு வேறு ஆளை நிறுத்திவிட்டு, போன லாரியை மறித்து, தானே ஏறி வந்துவிட்டார். நல்ல மனிதர்தான். அவள் பயந்தது அவர் குணத்துக்கு அல்ல, அவர் பதவிக்கு.

அவள் நிலைமை பார்த்தவுடனே எல்லோருக்கும் புரிந்தது. யாருக்குத் தெரியக் கூடாதோ அவரோடேயே வந்து இறங்கியிருக்கிறாள்.

"இன்னாம்மா?" என்றார் சிஸ்டர்.

"வயித்துவலிங்க. விடிகாலையிலருந்து துடிக்கிறாரு. இப்ப பேச்சே வரல."

சிஸ்டர் குனிந்தார். அவனுக்கு நாக்கு குழறியது. கண் சொருகியிருந்தது. எச்சில் ஒழுகியது. வாயில் நெடி.

"குடிச்சிருக்கானா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்லீங்கய்யா. சத்தியமா இல்லீங்க" என்றாள் அவள்.

சிஸ்டர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். பிறகு இன்ஸ்பெக்டரிடம், எந்தத் தயக்கமும் இல்லாமல், "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். வயித்துக்கோளாறு, அசதி. கொஞ்ச நேரம் படுத்தா சரியாப்பூடும். நீங்க வேலையப் பாருங்க" என்றார். சொல்லிக்கொண்டே வராண்டாவைக் காட்டினார். இரண்டு பேர் அவனைத் தூக்கிப் போய் அங்கே, ஏற்கெனவே படுத்திருந்த இருவருக்குப் பக்கத்தில், ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள்.

இத்தனை வருஷம் அவள் சொன்ன பொய்யை அன்றைக்குச் சிஸ்டர் அவளுக்காகச் சொன்னார். அந்த இடத்தில் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான் என்று நானும் நினைத்தேன். உள்ளே டாக்டர் ஒரு லாரி கிளீனரின் தலைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை.

அவள் மட்டும் நகரவில்லை. வராண்டாவில் அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கிப் பார்த்தாள், விட்டாள், கை விழுந்தது. எழுந்து சிஸ்டரிடம் வந்தாள்.

"சிஸ்டரம்மா, டாக்டர கொஞ்சம் வரச்சொல்லுங்க."

"தெளியட்டும், போ" என்றார் சிஸ்டர் தாழ்ந்த குரலில். "அந்தாளு கெளம்பட்டும்."

"இது அது இல்லீங்க."

"எல்லாம் எனக்குத் தெரியும். பேசாம உக்காரு."

இன்ஸ்பெக்டர் அங்கேயேதான் நின்றிருந்தார். லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். வராண்டாவைப் பார்த்தாள். அவள் பதில் சொல்வதற்கு முன் யோசித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"குடிச்சிருக்காருங்க" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "நான்தான் குடுத்தேன். விடிகாலையில வயித்துவலின்னு துடிச்சாரு. மெளகு தட்டிப்போட்டு அரை கிளாசு ஊத்திக் குடுத்தேன். அதான் வாடை. ஆனா இது போதை இல்லீங்க."

"ஏய், சும்மா இரு" என்றார் சிஸ்டர்.

"எனக்குத் தெரியாதா சிஸ்டரம்மா? கல்யாணம் ஆன நாளா பாத்துகினு இருக்கேன். தெனமும் குடிக்கிற ஆளுங்க இவரு. டூட்டியிலயும்தான் குடிப்பாரு. குடிச்சா கண்ணு செவக்கும், இப்படி மூடிக்காது. குடிச்சா வாய் ஓயாது. எங்க அம்மால ஆரம்பிச்சி, எங்க ஊரு, எங்க சாதி சனம் எல்லாத்தையும் திட்டுவாரு. ஓங்கி ஓங்கி அடிப்பாரு." கிழிந்து தைத்திருந்த மேலுதட்டை அவள் விரல் தானாகத் தொட்டது. "இன்னிக்கு ஒரு வார்த்தகூடத் திட்டலீங்க. கையத் தூக்கவே முடியல. ஜல்தி வாங்கன்னு சொல்லுங்க டாக்டர."

ஹாரன் சத்தம் நின்றிருந்தது. கையில் ஊசியும் நூலுமாக டாக்டர் வாசலுக்கு வந்துவிட்டார். நேராக வராண்டாவுக்குப் போனார். கட்டைவிரலால் அவன் இமையைத் தூக்கினார், விட்டார். இமை மறுபடி விழுந்தது.

"கண்ணைத் தொறப்பா."

அவனுக்குக் கேட்டது. நெற்றி சுருங்கியது, புருவம் மேலே ஏறியது. இமை அசையவில்லை.

"நாக்க நீட்டு."

நீட்ட முடியவில்லை.

"ராத்திரி எங்க படுத்திருந்தான்?"

"கேட்டு ரூமுல. தரையிலங்க."

"பூச்சி ஏதாவது கடிச்சிதுன்னு சொன்னானா?"

"சொல்லலீங்க. வயித்துவலின்னுதான் சொன்னாரு."

டாக்டர் விரலிடுக்குகளையும் காதோரத்தையும் பார்த்தார். கடித்த தடம் இல்லை. "கட்டுவிரியன்" என்றார். "இது கடிச்சா தடம் தெரியாது, வலி தெரியாது, வீங்காது. வயிறு வலிக்கும், அப்புறம் இமை விழும், அப்புறம் மூச்சு. தூக்குங்க உள்ள."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. விஷமுறிவு மருந்து இருந்தவரை ஏற்றினார்கள். மூச்சு மேலோட்டமாக ஆனதும் பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வேனில் அனுப்பினார்கள். மூச்சுப் பையைக் கையால் அமுக்கிக்கொண்டு வழி முழுக்கச் சிஸ்டரே போனார். அவள் அவன் காலடியில் உட்கார்ந்து போனாள்.

அவன் பிழைத்துக்கொண்டான். மறுநாள் நான் அனுப்பிய செய்தி நாலு வரி: பாம்பு கடித்துக் கேட்மேன் கவலைக்கிடம். அதில் சாராயம் இல்லை. லைன் இன்ஸ்பெக்டரின் அறிக்கையில் இருந்தது.

பிறகு அவரை விழுப்புரம் ஸ்டேஷனில் பார்த்தேன். நான் கேட்காமலே சொன்னார். "எனக்கு முன்னாடியே சந்தேகம் உண்டு சார். கேக்காம விட்டிருந்தேன். அந்தம்மா அத்தன பேரு எதிர்ல சத்தமா சொல்லிடுச்சி. கேட்டப்புறம் கேக்காத மாதிரி எப்படிங்க இருக்கறது? அது ரயிலு சார்." அவர் சொன்னதில் தவறு எதுவும் எனக்குப் படவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

வேலை போயிற்று. ஓட்டு வீட்டில் வேறு கேட்மேன் குடும்பம் வந்தது.

சிஸ்டர் பாண்டிச்சேரியிலிருந்து திரும்பிவந்த அன்று வராண்டாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா கொறட்ட விட்டுத் தூங்கறான்னு நெனச்சிருப்பேன் சார்" என்றார். பிறகு, "முன்னாடி தெளியாமயே போனவங்க சில பேரு இருக்காங்க" என்றார். யார் யார் என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து வராண்டாவில் படுக்கவைக்கும் ஒவ்வொருவனுடைய இமையையும் சிஸ்டர் தூக்கிப் பார்ப்பதைக் கவனித்தேன். சிலர் போதையில் கையைத் தட்டிவிட்டுத் திட்டுவார்கள். திட்டினால் அவர் முகம் தெளிந்துவிடும்.

கேட்டுக்காரம்மாவைக் கடைசியாகப் பார்த்தது அதற்கு அடுத்த மழைக்காலத்தில். திண்டிவனத்துக்கு வெளியே ஏரிக்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பதாகவும், வானூர்ப் பக்கம் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போவதாகவும் கேள்விப்பட்டிருந்தேன். சைக்கிள் ரிக்‌ஷா ஒன்றில் வந்து இறங்கினாள். கை விரல்களில் சிமெண்டு காய்ந்து வெடித்திருந்தது. ரிக்‌ஷாவில் அவன் சரிந்து கிடந்தான். நெடி என் பெஞ்சு வரைக்கும் வந்தது.

காப்பாற்ற வேலை இல்லை. வீடு இல்லை. எந்த இன்ஸ்பெக்டரும் அங்கே இல்லை. சீட்டில் யார் என்ன எழுதினாலும் அவளுக்கு இனி எதுவும் போகாது.

சிஸ்டர் வாசலுக்கு வந்தார்.

"இன்னா?"

"காய்ச்சலுங்க."

"வாடை?"

"கூழுங்க. புளிச்சிப்போச்சி."

சிஸ்டர் ரிக்‌ஷா பக்கம் போனார். குனிந்து அவன் இமையைக் கட்டைவிரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு அவளிடம் கேட்டார்:

"திட்டறானா?"

"வழியெல்லாம் திட்டிக்கினுதாங்க வந்தாரு" என்றாள் அவள். முந்தானையால் அவன் வாயைத் துடைத்துவிட்டாள்.

"அப்ப கூழுதான்" என்றார் சிஸ்டர், வராண்டாவைக் காட்டி.